மஞ்சள் நிறக் காணி

முகாம் என்ற சொல்லை மகிழ்ச்சியுடன் தொடர்புபடுத்திப் பார்க்கும் பழக்கம் எமது தலைமுறைக்கு இல்லை. இராணுவ முகாம், அகதி முகாம், இடைத்தங்கல் முகாம், நலன்புரி முகாம் என்று செய்திகளிலும் தலைப்புகளிலும் அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவைகள் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆதலால், 2023 ஒக்டோபரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் வசிக்கும் எனது பெறாமகன் "வாற கிழமை காம்பிங் போறம் சித்தப்பா, நீங்களும் வாங்கோ" என்று அழைத்தபோது எனக்கு உடனடியாக உற்சாகம் ஏற்படவில்லை. நல்ல வீடும் மெத்தையும் உள்ளவர்கள் எதற்காக ஐந்தாறு மணி நேரம் வாகனமோட்டிச் சென்று பாலைவனத்தில் படுத்துறங்க வேண்டும் என்றே முதலில் எண்ணினேன்.

ஆனால், சென்றேன். சென்று திரும்பியதிலிருந்து ஒரு விடயம் என் மனதை விட்டு அகலவில்லை. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். வட அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் எம்மவர்களில் பலர் இப்போது இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியிருக்கிறார்கள். சமையலறையும் கழிவறையும் கட்டிலும் கொண்ட, ஆர்.வி. என்று அழைக்கப்படும் வாகனத்தை வாடகைக்கு எடுத்து அல்லது கடனுக்கு வாங்கி, குவாட் எனப்படும் நான்கு சக்கர மோட்டார் சைக்கிள்களை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு 'நல்ல இடம்' தேடிப் புறப்படுகிறார்கள். நல்ல இடம் எது என்பதை அவர்கள் கைத்தொலைபேசியிடம் கேட்கிறார்கள். அந்த இடம் யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்காதவருக்கு முதலாவது கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காது என்பதே எனது கருத்து.

நாங்கள் சென்றது யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கில் கொலராடோ ஆற்றங்கரையில் அமைந்திருக்கும் மோவாப் என்ற சிறிய நகரத்துக்கு. விவிலியத்தில் வரும் அதே பெயர். ஐயாயிரம் பேரளவில் வாழும் அந்த நகரைச் சுற்றி செந்நிற மணற்கல் பாறைகள் கோட்டைகளாகவும் தூண்களாகவும் வளைவுகளாகவும் நிற்கின்றன. இரு தேசியப் பூங்காக்கள் அருகருகே அமைந்திருக்கின்றன. மலையேறுபவர்கள், சைக்கிளோட்டிகள், ஜீப் ஓட்டிகள் என்று சகல வகையினருக்கும் அது ஒரு யாத்திரைத் தலம்.

அந்தப் பாறைகளுக்கு நடுவே வாகனத் தடங்கள் எவ்வாறு வந்தன என்பது ஒரு சுவையான கதை. உல்லாசப் பயணிகளுக்காக எவரும் அவற்றை அமைக்கவில்லை. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுக்குண்டுகளைக் குவிக்க ஆரம்பித்த காலத்தில், 1952ஆம் ஆண்டு சார்ளி ஸ்டீன் என்ற நிலவியலாளர் மோவாப்புக்கு அப்பால் பெரும் யுரேனியப் படிவு ஒன்றைக் கண்டுபிடித்தார். அதனையடுத்து தங்க வேட்டைக்கு வந்தவர்களைப் போன்று ஆயிரக்கணக்கானோர் படையெடுத்தனர். புல்டோசர்களைக் கொண்டு பாறைச்சரிவுகளில் கண்டபடி பாதைகளை வெட்டினர். பின்னர் யுரேனியத்தின் மவுசு போய்விட்டது. பாதைகள் எஞ்சின. இன்று கன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் சுமார் 160 கிலோமீற்றர் நீளத்துக்குச் செல்லும் புகழ்பெற்ற 'வைட் ரிம்' பாதையும் அவ்வாறு உருவானதே. 1967இல் நகரின் வர்த்தகச் சங்கம் உயிர்த்த ஞாயிறை ஒட்டி ஜீப் ஓட்டத்தை ஆரம்பித்தது. 1969இல் மோட்டார் சைக்கிளோட்டிகள் வழவழப்பான பாறைமீது கோடு போட்டு ஒரு தடத்தை அமைத்தனர். பின்னாளில் உலகெங்கிலுமிருந்து மலைச் சைக்கிளோட்டிகளை வரவழைத்த 'ஸ்லிக்ரொக்' தடம் அதுதான்.

எங்கள் குழுவில் இரண்டு குடும்பங்கள். பெறாமகன் வாடகைக்கு எடுத்த ஆர்.வி. 30 அடி நீளமானது. அவனது மைத்துனர் தனது பிக்அப் வாகனத்தில் இரண்டு குவாட்களை இழுத்துவந்தார். ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்குள் இருப்பது ஒரேயொரு முகாமிடும் தலம், அதில் 51 இடங்கள். ஆறு மாதங்களுக்கு முன்னரே பதிவுகள் திறந்துவிடும், திறந்த கையோடு நிரம்பியும் விடும். நகருக்குள் இருக்கும் தனியார் தரிப்பிடங்களில் மின்சாரமும் நீரும் உண்டு, ஆனால் ஒரு ஆர்.வி.க்கும் அடுத்த ஆர்.வி.க்கும் இடையில் கையை நீட்டினால் முட்டும். "அதிலை போய் நிக்கிறதுக்கு வீட்டிலேயே இருக்கலாம்" என்றான் பெறாமகன். ஆதலால், கட்டணமில்லாமல் தங்கக்கூடிய இடமொன்றைத் தொலைபேசிச் செயலி ஒன்றில் தேடி வைத்திருந்தான். ஐந்து நட்சத்திரங்களும் அழகான சூரிய அஸ்தமனப் படங்களும் அதில் இருந்தன.

நாங்கள் அங்கு போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. தார் வீதியிலிருந்து திரும்பிச் சென்ற மண் பாதை ஒரு மைல் தூரம் ஒழுங்காக இருந்தது. பிறகு குறுகியது. இலக்கமிடப்பட்ட இடங்களில் மாத்திரமே தங்கலாம் என்று கூறும் பலகை ஒன்று வாகன வெளிச்சத்தில் தெரிந்தது. இலக்கமிடப்பட்ட இடங்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். செயலியில் அந்தக் குறிப்பை எழுதியவர் அங்கு தங்கிச் சென்றது நான்கு வருடங்களுக்கு முன்னர் என்பதைப் பின்னரே கவனித்தோம். 30 அடி வாகனத்தைத் திருப்புவதற்கு இடமில்லை. திருப்ப முயன்றபோது பின்சக்கரங்கள் மணலில் புதைந்துவிட்டன. தொலைபேசிச் சமிக்ஞையும் இல்லை. பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்ட ஆரம்பித்தார்கள்.

எங்களை மீட்டவர் அடுத்த இலக்கத்தில் தங்கியிருந்த எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளையர். எதுவும் பேசாமல் முதலில் எங்கள் டயர்களில் காற்றைக் குறைத்தார். மண்வாரியால் மணலை அகற்றிப் பலகைகளை வைத்தார். பிறகு தனது பிக்அப்பில் பட்டி கட்டி இழுத்தார். ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அன்றிரவு தனது இடத்தின் ஓரத்தில் வாகனத்தை நிறுத்திக்கொள்ளுமாறும் கூறினார். நன்றி கூறச் சென்ற பெறாமகனிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "உங்களிடம் வரைபடம் இருக்கிறதா?" தொலைபேசியைக் காட்டினான். அவர் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாட் காலை கோப்பியுடன் வந்து ஒரு கடதாசி வரைபடத்தை மேசையில் விரித்தார். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நிலம் யாருடையது என்பதை நிறங்களால் காட்டும் வரைபடம் அது. மஞ்சள் என்றால் நில முகாமைத்துவப் பணியகத்தின் பொறுப்பில் உள்ள பொதுக் காணி. பச்சை என்றால் தேசிய வனம். நீலம் என்றால் மாநிலத்துக்குரியது. வெள்ளை தனியாருடையது. செம்மஞ்சள் பழங்குடி மக்களின் பிரதேசம். ஊதா தேசியப் பூங்கா. முதன்முறையாகப் பார்த்த எனக்கு வியப்பாக இருந்தது. வெளியில் பார்க்கும்போது எல்லாம் ஒரே சிவப்பு மண், ஒரே புதர். வேலி இல்லை. ஆனால் அந்தச் சட்டைத்துணி போன்ற கட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சட்டம்.

இதுதான் செயலி கூறாத விடயம். மஞ்சளில் பொதுவாக ஒருவர் கட்டணமின்றி 14 நாட்கள் தங்கலாம். பிறகு இடத்தை விட்டு நகர வேண்டும். மோவாப்பைப் போன்று கூட்டம் மிகுந்த பகுதிகளில் குறித்த இடங்களில் மாத்திரமே தங்கலாம், எடுத்துச் செல்லக்கூடிய கழிவறை உடன் இருக்க வேண்டும். பச்சையிலும் பெரும்பாலும் தங்கலாம், ஆனால் எந்தத் தடத்தில் எந்த வாகனம் எந்த மாதத்தில் செல்லலாம் என்பதை ஒவ்வொரு வனமும் வெளியிடும் மோட்டார் வாகன வரைபடத்தில் பார்க்க வேண்டும். 2005இல் கொண்டுவரப்பட்ட விதியின் பிரகாரம் வரைபடத்தில் இல்லாத தடம் திறந்த தடம் அல்ல. நீலத்தைப் பொதுக் காணி என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். அது பாடசாலைகளுக்கு வருமானம் தேடுவதற்காக மாநிலத்துக்கு வழங்கப்பட்ட நிலம், நாளை குத்தகைக்கு விடப்படலாம் அல்லது விற்கப்படலாம். செம்மஞ்சள் நிறத்துக்குள் அந்தப் பழங்குடி அரசாங்கத்தின் அனுமதியின்றி நுழைவது அத்துமீறல். வெறுமையாகத் தெரிகிறது என்பதற்காக ஆளில்லாத நிலம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. உண்மையில் அந்த வரைபடம் முழுவதுமே ஒரு காலத்தில் அவர்களுடையதுதான்.

எனவே, நல்ல இடம் தேடும் வாசகர்களுக்கு நான் கூறக்கூடிய நடைமுறை ஆலோசனை மிகவும் எளிமையானது. முதலில் நிறத்தைப் பாருங்கள். அடுத்து அந்த நிறத்துக்குப் பொறுப்பான உள்ளூர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுங்கள். அங்கு இருப்பவர்கள் பெரும்பாலும் பேசுவதற்கு ஆளில்லாமல் இருப்பவர்கள், கேட்டால் மகிழ்ச்சியுடன் சொல்வார்கள். எங்கள் வாகனம் இத்தனை அடி நீளம், திருப்ப இடம் இருக்கிறதா, மழை பெய்தால் அந்தப் பாதையில் வெளியே வர முடியுமா என்று கேளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். பெரிய வாகனத்தைத் தார் வீதிக்கு அருகில் நிறுத்திவிட்டு ஒருவர் முன்னால் நடந்து சென்று பார்த்து வருவதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. இந்தச் சிறிய வேலையைச் செய்திருந்தால் அன்றிரவு நாங்கள் மணல் அள்ளியிருக்க வேண்டியதில்லை.

ஆனால், அந்த முதியவர் வரைபடத்தை விரித்தது எங்களுக்குப் பாடம் நடத்துவதற்காக மாத்திரமல்ல. அவர் கோபத்தில் இருந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 2023 செப்டெம்பர் 28ஆம் திகதி, மோவாப்பின் வடமேற்கே லபிரின்த் கன்யன் மற்றும் ஜெமினி பிரிட்ஜஸ் பகுதிகளில் இருந்த 1,100 மைல்களுக்கும் அதிகமான தடங்களில் 317 மைல்களை மோட்டார் வாகனங்களுக்கு மூடிவிடுவதாக நில முகாமைத்துவப் பணியகம் அறிவித்திருந்தது. சிறு வயதில் தகப்பனாருடன் யுரேனியம் தேடிச் சென்ற பாதை ஒன்றும் அவற்றில் அடங்குவதாக அவர் கூறினார். விரலால் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினார். அரசாங்கம் தன் நினைவுகளின் மீது வாயிற்கதவைப் பூட்டிவிட்டது என்ற தொனியில் பேசினார். தடங்களை இழந்த வாகன ஓட்டிகளின் அமைப்புகள் நீதிமன்றத்தை நாடின. சுற்றுச்சூழல் அமைப்புகளோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இரைச்சலின்றிப் படகில் செல்வதற்கு இனியாவது இடம் கிடைத்திருக்கிறது என்று வரவேற்றன.

இரு தரப்பினரதும் நியாயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அன்று பிற்பகல் பெறாமகனின் பின்னால் குவாட்டில் அமர்ந்து நானும் ஒரு தடத்தில் சென்றேன். பாறைப்படிகளில் வாகனம் ஏறி இறங்கும்போது ஏற்படும் பயமும் களிப்பும் கலந்த உணர்வை நான் மறுக்கப் போவதில்லை. நடக்க இயலாத என்னைப் போன்ற வயதானவர் ஒருவர் அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பை வேறு எவ்விதத்திலும் பார்த்திருக்க முடியாது. அதேவேளை, தடத்தின் இரு மருங்கிலும் புதிது புதிதாகக் கிளைத்துச் சென்ற சக்கரச் சுவடுகளையும் பார்த்தேன். பள்ளம் ஒன்றைத் தவிர்க்க ஒருவர் ஒதுங்கியிருக்கிறார். அவரது சுவட்டைப் பாதை என்று எண்ணி அடுத்தவர் சென்றிருக்கிறார். படம் எடுப்பதற்காக வேறொருவர் வட்டமடித்திருக்கிறார்.

அந்த மண்ணின் மேல் கரிய நிறத்தில் பொருக்குப் போன்று படிந்திருப்பதை நான் முதலில் வெறும் அழுக்கு என்றே நினைத்தேன். சயனோபக்டீரியா என்ற நுண்ணுயிர்கள், பாசி, லைக்கன் ஆகியவை சேர்ந்து மணலைப் பிணைத்து வைத்திருக்கும் உயிருள்ள மேலோடு அது. அதுவே காற்றிலும் மழையிலும் மண் அள்ளுண்டு போகாமல் காக்கிறது, வளிமண்டல நைதரசனைத் தாவரங்களுக்குக் கொடுக்கிறது. ஒரு பாதணி அழுத்தினாலே உடைந்துவிடும். முழுமையாக மீள்வதற்குப் பல தசாப்தங்கள் செல்லும். தடத்துக்கு வெளியே ஒரு சக்கரம் பத்து விநாடிகளில் செய்யும் சேதத்தை அந்தச் சாரதியின் பேரப்பிள்ளையும் பார்க்கலாம். தடத்துக்கு உள்ளே ஆயிரம் வாகனங்கள் சென்றாலும் அவ்வளவு தீங்கில்லை.

இந்த வேறுபாட்டின் மீதுதான் சட்டம் கட்டப்பட்டிருக்கிறது. 1972 பெப்ரவரியில் ஜனாதிபதி நிக்சன் பிறப்பித்த நிறைவேற்று ஆணை, பொதுக் காணிகளில் வாகனங்கள் செல்லக்கூடிய இடங்களை வகுக்குமாறும், மண்ணுக்கும் தாவரங்களுக்கும் வனவிலங்குகளுக்கும் ஏற்படும் சேதத்தையும் ஏனையவர்களுடனான முரண்பாட்டையும் குறைந்தபட்சமாக்கும் விதத்தில் தடங்களைத் தெரிவு செய்யுமாறும் பணித்தது. 1977இல் ஜனாதிபதி கார்ட்டர் மேலும் ஒரு படி சென்று, கணிசமான சேதம் ஏற்படும் இடங்களை உடனடியாக மூடுமாறு பணித்தார். ஆதலால், தடத்தை விட்டு விலகி ஓடுபவர் தனது சகாக்களின் தடத்தையே மூடுவிக்கிறார் என்பதை அந்த முதியவரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. "தவறு செய்பவர்கள் நேற்று வந்தவர்கள், தண்டனை ஐம்பது வருடம் ஒழுங்காக ஓடியவனுக்கு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நேற்று வந்தவர்கள் தொகையில் அதிகம் என்பதும் உண்மை. கொவிட் காலத்தில் விமானத்தில் பறக்க முடியாத அமெரிக்கர்கள் ஆர்.வி. வாங்கினார்கள். 2021இல் மாத்திரம் 6 இலட்சம் ஆர்.வி.கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்தன. அதற்கு முன்னர் ஒருபோதும் அந்தளவு தொகை இருந்ததில்லை. அவற்றில் சில, பின்புறச் சுவரைக் கீழிறக்கினால் அதுவே சாய்தளமாக மாறி உள்ளேயிருந்து குவாட் இறங்கி வரும் விதத்தில் அமைக்கப்பட்டவை. தங்கும் வீடும் ஓடும் வாகனமும் ஒன்றாக வந்து இறங்குகின்றன. அமைதியைத் தேடி வந்தவரும் இயந்திரத்தை முறுக்க வந்தவரும் ஒரே இலக்கத்தில் அருகருகே தங்க நேரிடுகிறது.

இதற்கு வேறு ஏற்பாடுகளும் இருக்கின்றன. கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையிலுள்ள மணற்குன்றுகளில் நவம்பர் மாத நன்றி தெரிவித்தல் விடுமுறையின்போது ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் திரள்வார்கள். அங்கு 78ஆம் இலக்க நெடுஞ்சாலை எல்லைக்கோடு போன்றது. வடக்கே 1994ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வாகனங்களுக்கு முற்றாக மூடப்பட்ட வனாந்தரம், தெற்கே வாகனங்களின் இராச்சியம். அழகான தீர்வு என்று கூறமாட்டேன். ஆனால் எவரும் ஏமாற்றப்படவில்லை. மேற்கு வேர்ஜினியாவில் நிலைமை முற்றிலும் மாறானது. அங்கு மலைகள் நிலக்கரி, மரக் கம்பனிகளுக்குச் சொந்தமானவை. மாநில சட்டமன்றம் அதிகாரசபை ஒன்றை அமைத்து, விபத்துப் பொறுப்பிலிருந்து காணிச் சொந்தக்காரர்களுக்குப் பாதுகாப்பளித்து, 2000ஆம் ஆண்டில் ஹட்ஃபீல்ட்-மெக்கோய் தடங்களைத் திறந்தது. இன்று அவை 1,000 மைல்களைத் தாண்டிவிட்டன. அனுமதிச் சீட்டு வாங்கி, தலைக்கவசம் அணிந்து ஓட வேண்டும். சுரங்கத் தொழில் நலிந்த சிறு பட்டினங்களில் தங்குவிடுதிகளும் உணவகங்களும் திறக்கப்பட்டிருக்கின்றன. தனியார் நிலத்தில் நல்ல இடத்தை உருவாக்குவதற்கு இவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. மேற்கில் மஞ்சள் நிறத்தின் அருமை அப்போதுதான் தெரியும்.

அரிசோனாவின் குவார்ட்சைட் அருகே பாலைவனத்தில் செப்டெம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை ஏழு மாதங்கள் தங்குவதற்குப் பல வருடங்களாக 180 டொலர்களே அறவிடப்பட்டு வந்திருக்கிறது. குளிருக்குத் தப்பி வரும் ஓய்வூதியர்கள் என்று அவர்களை விளம்பரங்கள் வர்ணிக்கும். வீட்டு வாடகையைச் செலுத்த முடியாமல் வாகனத்தையே வீடாக்கிக் கொண்டவர்களும் அங்கே கணிசமாக இருக்கிறார்கள். ஊருக்குள் பொது இடத்தில் படுத்துறங்கும் வீடற்றவர்களைத் தண்டிக்க நகரங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது. பணம் உள்ளவர் வெட்டவெளியில் படுத்தால் பொழுதுபோக்கு, இல்லாதவர் படுத்தால் குற்றம். முகாம் என்ற சொல்லின் மற்றைய அர்த்தம் அங்கேயும் இருக்கிறது.

இனி, காணியின் கதைக்கு மீண்டும் வருகிறேன். நில முகாமைத்துவப் பணியகத்தின் கீழ் இருப்பது சுமார் 24.5 கோடி ஏக்கர். ஏறத்தாழ 15 இலங்கைகள். 1976ஆம் ஆண்டின் சட்டம் அதனைப் பொதுவாக அரசாங்கத்தின் உடைமையாகவே வைத்திருக்க வேண்டும் என்ற கொள்கையைப் பிரகடனம் செய்தது. ஆனால் அதனை விற்றுவிட வேண்டும் என்ற குரலும் ஓயவில்லை. யூட்டாவைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் 2017இல் 33 இலட்சம் ஏக்கரை விற்கும் சட்டமூலத்தைக் கொண்டுவந்து, வேட்டைக்காரர்களின் எதிர்ப்பைத் தாங்க முடியாமல் சில நாட்களில் வாபஸ் பெற்றார். 2025 ஜனவரியில் யூட்டா மாநிலம் 1.85 கோடி ஏக்கருக்கு உரிமை கோரித் தாக்கல் செய்த வழக்கை விசாரிக்க உயர் நீதிமன்றம் மறுத்தது. அதே வருடம் ஜூனில் யூட்டாவின் செனட்டர் மைக் லீ, 11 மேற்கு மாநிலங்களில் 20 இலட்சம் ஏக்கருக்கும் அதிகமான பொதுக் காணியை விற்பதற்கான ஏற்பாட்டைப் பெரிய வரிச் சட்டமூலத்துக்குள் சேர்க்க முயன்றார். வேட்டைக்காரர், மீன்பிடிப்போர், நடைபயணிகள் எல்லோரும் திரண்டு எழுந்தனர். மொன்டானா, ஐடஹோ மாநிலங்களின் குடியரசுக் கட்சி செனட்டர்களே எதிர்த்தனர். ஜூன் 28ஆம் திகதி அவர் அதனைக் கைவிட்டார்.

அந்தத் திகதியை நான் மறக்க முடியாது. வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கும் அதிகமான காணிகளுக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அவை அரச காணிகளாகப் பிரகடனம் செய்யப்படும் என்று இலங்கை அரசாங்கம் 2025 மார்ச் 28 வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தலின் காலக்கெடு முடிவடையும் நாளும் அதுவே. அதற்கு முதல் நாள்தான் எமது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவைப் பிறப்பித்தது. அரசாங்கமும் பின்வாங்கியது. ஒரே வாரத்தில் அமெரிக்க மக்கள் அரசாங்கம் தனது காணியை விற்கக் கூடாது என்று போராட, எமது மக்கள் அரசாங்கம் தங்களது காணியை எடுக்கக் கூடாது என்று போராடினார்கள்.

'அரச காணி' என்ற சொல்லைக் கேட்டதும் மகிழ்ச்சியடையும் ஈழத்தமிழர் எவரையும் நான் கண்டதில்லை. 1840இல் வெள்ளையர் கொண்டுவந்த கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத வெற்று நிலமெல்லாம் மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்று கூறிய நாளிலிருந்து, அந்தச் சொல்லின் பின்னால் ஒரு நில அளவையாளரும் ஒரு பொலிஸ்காரரும் வருவார்கள் என்றே எமது அனுபவம். எனவேதான், வேலியில்லாத மஞ்சள் நிலத்தில் நின்று 'இது என்னுடையது, உங்களுடையதும்தான்' என்று சாதாரணமாகக் கூறிய அந்த முதியவரின் வார்த்தை என்னை அவ்வளவு பாதித்தது. பெறாமகன் அமெரிக்கப் பிரஜை. அவனுக்கும் அந்தக் காணியில் பங்குண்டு என்பதை அவன் அதுவரை எண்ணியிருக்கவில்லை.

ரொறன்ரோ பகுதியில் வாழும் எமது இலட்சக்கணக்கான உறவுகளுக்கும் இது பொருந்தும். ஒன்ராறியோ மாகாணத்தில் ஏறத்தாழ 87 வீதமான நிலம் முடிக்குரிய காணி. கனடாவில் வசிப்பவர் அதில் தடைசெய்யப்படாத இடங்களில் ஒரே இடத்தில் வருடத்துக்கு 21 நாட்கள் வரை இலவசமாக முகாமிடலாம். எமது பெற்றோரிடமிருந்து காணியைப் பறித்த அதே முடியின் பெயரால், பிள்ளைகள் இலவசமாகக் கூடாரமடிக்கிறார்கள். உரிமையை அனுபவியுங்கள் என்றே கூறுகிறேன். ஆனால் குப்பையை அள்ளிக்கொண்டு திரும்புங்கள். கழிவுத் தொட்டியை அதற்குரிய நிலையத்தில் மாத்திரம் திறவுங்கள். தடத்தை விட்டு வெளியே ஓடாதீர்கள். அருமையான இடமொன்றைக் கண்டால் அதன் அமைவிடத்தை முகநூலில் போடாதீர்கள். நாங்கள் சிக்கிய இடத்துக்கு எங்களை அழைத்துச் சென்றதும் அதற்கு இலக்கம் போட வைத்ததும் அப்படிப்பட்ட படங்கள்தான் என்பது எனது ஊகம். விற்பனை மசோதா ஒன்று வந்தால் உங்கள் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதுங்கள். தடம் மூடப்பட்டதற்காகக் கொதிக்கும் வாகன ஓட்டிகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மூடப்பட்ட தடத்துக்காக வாதாட முடியும், திறக்கவும் முடியும். மோவாப்பில் மூடிய தடங்கள் சிலவற்றை மீண்டும் திறப்பது பற்றி 2025இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. விற்ற காணியில் யாரிடம் போய்க் கருத்துச் சொல்வது?

அன்று காலை அந்த முதியவர் தனது வரைபடத்தை எங்களிடமே கொடுத்துவிட்டார். தனக்கு அது மனப்பாடம் என்றார். இப்போது அது டென்வரில் பெறாமகனின் கராஜ் சுவரில் தொங்குகிறது. அவர் விரலால் காட்டிய மெல்லிய கோட்டைச் சுற்றி அவன் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்திருக்கிறான்.